பெக்கோக் யானையும் ஒன்பது வாழைத்தாரும்

யானையைக் கண்ணால் கண்ட என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உங்கள் சரக்கு ரயிலில் இப்போது வேறு கார்டு வருகிறார். தினமும் நேரத்துக்கு வந்துவிடுகிறார், அதனால் அவரிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை.

அக்கா என்னோடு பேசுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியாது. அது நடந்ததே உங்கள் கருமாதியில்தான். வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "தங்கமான மனுஷர், அந்த யானைக் கதை ஒண்ணுதான் பொய்" என்று சபையில் சொல்லிவிட்டேன். ரயிலை மறித்து, வாழைத்தார் தின்று, உங்களுக்குத் தும்பிக்கையால் சலாம் வைத்த யானை! இருபது வருஷமாகக் கேலி செய்த பழக்கதோஷம்.

அக்கா என் இலையை எடுத்துவிட்டாள், பாதிச் சாப்பாட்டில். "பேப்பர் பேப்பர்னு உயிர விடுறியே, அந்தப் பேப்பர்ல யானையக் காட்டு. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காத."

என் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். லாபிஸ் ஸ்டேஷன் கிடங்கில் கரையான் தின்ற பழைய சரக்கு ரயில் புத்தகங்களை எரிக்கச் சொன்னபோது, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். எந்த வேகனில் எத்தனை கட்டு ரப்பர் போனது என்று படிப்பதில் எனக்கு அப்படி ஒரு சுகம். நீங்கள் இருந்தபோது வாசகசாலையில் ஒரு மணி நேரம் பேசினேனே, ஆரம்ப கால எஞ்சின்களுக்கு ஏன் அடிக்கடி ஸ்டீம் குறைந்தது என்று? ஈர விறகு, சேற்றுத் தண்ணீர் என்று காரணங்களை அடுக்கினேன். நீங்கள் முன்வரிசையில் துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே இருந்தீர்கள். சளி என்று நினைத்தேன்.

அக்காவின் மீன்குழம்பு இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? தேடினேன். உங்கள் மூத்த மகள் பிறந்ததற்கு முந்தின நாள் யானை வந்தது என்பீர்களே, அந்தத் தேதி கிடைத்தது. ரயில் பாதை போட்டு ஐந்தாறு வருஷமே ஆகியிருந்த காலம். பெக்கோக்கிலிருந்து லாபிஸ், நாற்பது நிமிஷம் தாமதம். காரணம்: ஸ்டீம் குறைவு. யானை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஜெயித்தது எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு சரக்குப் பக்கத்தைப் புரட்டினேன். பெக்கோக்கில் ஏற்றிய வாழைத்தார் அறுபது. லாபிஸில் இறங்கியது ஐம்பத்தொன்று. ஸ்டீம் குறைந்தால் எஞ்சின் வாழைப்பழமா தின்னும்?

மூட்டையை மறுபடி அவிழ்த்து, நீங்கள் கைப்பட எழுதிய கார்டு புத்தகத்தை எடுத்தேன். அதே தேதி. உங்கள் சாய்ந்த கையெழுத்தில் யானை. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் முத்து முத்தாக, ஸ்டீம் குறைவு. அந்த முத்து என் கையெழுத்து, அத்தான்.

அப்போது நான் ஸ்டேஷனில் சேர்ந்து ஆறு மாதமே ஆன கிளார்க். யானை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடுதாசி மேல் கடுதாசி வரும். ஸ்டீம் என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். தண்டவாளத்தில் மாடு படுத்தாலும், மரம் விழுந்தாலும், டிரைவர் ரம்புத்தான் பழம் பறிக்க இறங்கினாலும் நான் எழுதியது அதைத்தான். யானையாவது பூனையாவது என்று அடித்தேன், மறந்தும் போனேன். அப்புறம் என் பொய்களுக்கு நானே ஈர விறகைக் காரணம் காட்டிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்!

நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றே விரித்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"நீதான் அடிச்சேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. கார்டு புக்கத் திருத்தினது தெரிஞ்சா உன் வேலை போயிடும், யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. உள்ள வா, கொழம்பு ஆறுது."

இருபது வருஷம் பொய்யன் என்ற பெயரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் கேலி செய்தபோதெல்லாம் நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். வெட்கத்தில் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. மூன்றாம் தடவை போட்டுக்கொண்ட பிறகுதான் இறங்கியது.

அடுத்த மாதம் உங்கள் திவசம். அதே சபையில் நானே எழுந்து யானைக் கதையைச் சொல்கிறேன், நான் அடித்த கோட்டையும் சேர்த்து. சலாம் வைத்ததற்கு மட்டும் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நான் நேரில் பார்த்தவன் போலவே கையைத் தூக்கிக் காட்டுவேன், அத்தான்.

ஒரே கோட்டில் யானையை வீழ்த்திய
உங்கள் மைத்துனன்,
லாபிஸ்