வாசற்படியில் உன்னை விட்டுப்போன மாலை

இன்று காலை சேத்தூர் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாடையைத் தாங்க முடியாமல் பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது உன் சட்டைக்குள்ளிருந்து வந்ததும் அதே வாடைதான். மூன்று வருடமாக உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நீ கோயிலுக்குப் போகிறவன். நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். ஆனாலும் சர்ச்சுக்காக நாலு குரலில் நான் எழுதிய பாட்டை முதலில் பாடியது நீதான். ராஜபாளையம் மில்லில் சாப்பாட்டு இடைவேளையில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று நான் மேல்குரலைப் பாடுவேன், நீ கீழ்க்குரலைப் பிடிப்பாய். எழுதியது ஒத்துவருகிறதா என்று பார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை.

"ஏலே, நாலு பேரு நாலு விதமாப் பாடுதான், ஒருத்தன ஒருத்தன் இடிக்கலையே. நம்ம யூனியன் கூட்டத்துல இது நடக்குமா?" என்றாய் ஒருநாள், நான் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு.

நாலு குரலையும் சேர்த்துக் கேட்க என்னைவிட நீதான் துடித்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் அதைப் பாடப்போகிறார்கள் என்றதும் லீவு போட்டுவிட்டு வந்தாய். பேருந்தில் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

"வாயுப் பிடிப்புதாம்லே. காலையில பூரி தின்னேன்."

சர்ச் வாசலில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "உள்ள புழுக்கமா இருக்கும். இங்கனயே நல்லாக் கேக்கும். நீ போ."

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டேன். கேட்டது உண்மை. நீ வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். உன் உதடு வெளுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஜெபம் முடிந்து, பிரசங்கம் முடிந்து, அதற்குப் பிறகுதான் பாட்டு. நன்றாகப் பாடினார்கள், அதை மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும். கீழ்க்குரல் தனியாக இறங்குகிற இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. உன்னை நினைத்து அல்ல. இது நான் எழுதியது என்ற பெருமையில். முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். நின்று எல்லோருக்கும் கை கொடுத்தேன்.

வெளியே வந்தபோது உன்னைச் சுற்றிக் கூட்டம். ஓர் ஆட்டோக்காரர் உன் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். "நீங்க உள்ள போன செத்த நேரத்துலயே சாஞ்சிட்டாரு சார். அசந்து தூங்குதாருன்னு நெனச்சோம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

உன் மனைவி வந்தாள். அழவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அண்ணே, பாட்டக் கேட்டாகளா?"

"முழுசாக் கேட்டான்மா."

"அது போதும்ணே," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

போன மாதம் உன் மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் உன் மனைவி என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினாள். "இவுக எழுதின பாட்டக் கேட்டுக்கிட்டேதான் அவுக போனாக." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் எந்நாளும் சொல்லமாட்டேன்.