கொட்டாவி வராத மதியம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் சுகம். அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் மிச்சம், மற்றபடி அவரும் சுகம். நீயும் உன் கம்பெனியில் மதுவில் காபிச் சத்தை அளவு பார்த்துக் கலந்துகொண்டு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய்.

உன் கடிதம் வந்தது. அந்த டப்பா பானத்தின் விற்பனையைத் தடை செய்யலாமா என்று அரசாங்கம் நடத்தும் விசாரணையில் கம்பெனி சார்பாக நீதான் பேசப் போகிறாயாம், அப்பாவின் விபத்தை யாராவது எடுத்தால் காட்டுவதற்கு, அவர் எப்போதுமே குடிகாரர்தான் என்று நான் இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம். இதை எழுத உனக்குக் கை கூசவில்லை, எல்லா விரலும் இருக்கிற கை அல்லவா.

மறந்திருந்தால் சொல்கிறேன். அப்பா சனிக்கிழமை மதியம் தையல்கடையை அடைத்த பிறகுதான் குடிப்பார், முதல் கொட்டாவி வந்ததும் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார். முப்பது வருஷமாக அவருக்கு அளவு சொன்னது அந்தக் கொட்டாவிதான். அந்தச் சனிக்கிழமை, நீ அனுப்பிய டப்பாப் பெட்டியைப் பிரித்து, எம் பையன் செஞ்சதுய்யா என்று பக்கத்து சலூன்காரரிடம் காட்டிவிட்டுக் குடித்தார். நாலு டப்பா காலியாகியும், உன் காபிச் சத்தின் புண்ணியத்தில், கொட்டாவி வரவில்லை. குடிச்ச மாதிரியே இல்லடி, உடம்பு முறுக்கா இருக்கு, பாக்கி வேலைய முடிச்சிட்டு வரேன் என்று கடையைத் திறந்தார். நாற்பது பள்ளிச் சட்டைக்கான துணியை அடுக்கி, வெட்டும் மெஷினை ஓட்டினார். சலூன்காரர் விரல்களைப் பொறுக்கி ஐஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், ஒட்டவைக்க முடியவில்லை.

தடை செய்தால் ஜனங்கள் வீட்டில் கலந்து குடிப்பார்கள் என்கிறாய். குடிக்கட்டும், தானே கலக்கிறவனுக்கு என்ன கலக்கிறோம் என்றாவது தெரியும். டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கிறதாம். நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், ஊசிக் காது அளவு எழுத்து. நீ வகுப்பில் முதலாவதாக வந்ததைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான், இப்போது கேட்டால் மகன் வெளியூரில் இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ கேட்டதை நான் எழுத மாட்டேன். ஆனால் அப்பா எழுதிவிட்டார். உன் கடிதத்தை அவர் காதில் விழ வாசித்தது என் தப்பு. பிள்ளைக்கு வேலை போயிடக் கூடாது என்று, இடது கையால் நாலு நாள் எழுதிப் பழகி, தான் தினமும் குடிப்பவன், அன்று காலையிலிருந்தே போதையில் இருந்தவன் என்று எழுதியிருக்கிறார். அத்தனையும் பொய். கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன், பிறகு உனக்கே அனுப்பலாம் என்று தோன்றியது. இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் எழுந்து நின்று நிதானமாக வாசி. அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். அவர் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் மறைக்கப் பார்ப்பார், நான் விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. விசாரணைத் தேதியை மறந்துவிடாதே. நீ நூறு வருஷம், ஞாபகசக்தி கொஞ்சமும் குறையாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்