பதினோரு ஆணிகள்

லிபோவிட்சா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜும்ரா அக்காவுக்கு,

தம்பி நெடிம் எழுதுவது. அம்மாவின் முட்டிவலி தேவலை. லின்ஸ் நகர ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை நிரந்தரமானதைச் சொல்லிச் சொல்லித் தெருவில் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டாள். நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

வருகிற ஞாயிறு எங்கள் பழைய எஞ்சினைப் படமெடுக்க வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வழக்கம்போல நீராவி எஞ்சினை நிலக்கரி வண்டிகளோடு ஓட்டச் சொல்லி, இரண்டிரண்டு பேராக ஓட்டுநர் அறையில் ஏறி வருவார்கள். ஓட்டப்போவது உன் வீட்டுக்காரர். அந்த எஞ்சினில் ரசிம் மச்சான் ஏறக்கூடாது.

காரணத்தைப் பொறுமையாகப் படி. எஞ்சினின் நெருப்புப் பெட்டியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீர். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு போல்ட்டின் நடுவிலும் சின்ன ஆணி நுழையும் அளவு ஓட்டை. போல்ட் உள்ளே முறிந்தால் அதன் வழியாக நீராவி சீறும். நமக்குத் தெரியட்டும் என்றே வைத்த ஓட்டை அது. அடுத்தடுத்த போல்ட்டுகள் முறிந்தால் தகடு கிழியும். அப்போது அந்த அறையில் நிற்பவருக்கு ஓட நேரம் கிடையாது.

ஏப்ரலில் ஒரு ஜெர்மன்காரர் உள்ளே நின்று படமெடுக்கும்போது இரண்டு ஓட்டைகள் சீறி, அவர் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. "என்னடா இன்ஜினியர், உன் கெட்டிலுக்கு மூக்கு ஒழுகுது, விருந்தாளி மூஞ்சியில தும்முது, துடைச்சுவிடேன்" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். இரண்டு ஆணிகளை எடுத்து ஓட்டைகளில் அடித்தேன். ஆமாம், நான்தான். தொழிற்பள்ளியில் நாலு வருஷம் படித்தவன். அந்த வாரமே போல்ட்டை மாற்றுவதாக இருந்தேன். மாற்றவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அதன்பிறகு எங்கே சீறினாலும் யாராவது "நெடிம் வைத்தியம்" என்று சொல்லி ஆணி அடிக்கிறார்கள். பிடுங்கினால் மறுபடி அடிக்கிறார்கள். நேற்று விளக்கைப் பிடித்து எண்ணினேன். பதினொன்று. ஏழு ஒரே இடத்தில், ஓட்டுநர் நிற்கும் பக்கம். அங்கே தடவினால் தகடு புடைத்திருப்பது கைக்குத் தெரிகிறது.

எங்கள் பணிமனைத் தலைவர் ஹஜ்ருதின், "ஞாயித்துக்கிழமை போகட்டும்டா, திங்கக்கிழமை முழுசாக் கழட்டிக்கோ. வர்றவங்க டிக்கெட் எடுத்தாச்சு" என்கிறார். பரிசோதனைப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அவரே போட்டுக்கொண்டார். அரசுப் பரிசோதகர் அடுத்த புதன்தான் வருவாராம். மச்சானோ, "நீ அரைக்கால்சட்டை போட்ட காலத்திலேருந்து இவளை ஓட்டுறேன். பயமா இருந்தா நீ கீழ நின்னு கையாட்டு" என்கிறார். ஆனால் நேற்று எஞ்சின் வந்து நின்றதும் அந்த மூலையில் உள்ளே ஏதோ டக்கென்று முறிந்தது. இருவரும் கேட்டோம். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

இங்கே நீராவி எஞ்சின் ஓட்ட உரிமம் உள்ளவர் இப்போது அவர் ஒருவர்தான். அவர் இல்லையென்றால் எஞ்சின் நகராது, யாரும் ஏறமாட்டார்கள்.

போனில் சொன்னால் நீ அடுத்த நிமிஷமே அவரிடம் கேட்பாய். அவர் ஒரு ஜோக் அடிப்பார், நீ சிரித்துவிடுவாய். அதனால்தான் நாளை லின்ஸுக்குப் புறப்படும் பேருந்தின் ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழன் உன் கையில் இருக்கும்.

அக்கா, நீ பொய் சொல்ல வேண்டும். சின்னப் பொய்க்கு அவர் அசையமாட்டார். உனக்கு மூன்று மாதம் என்று அம்மா சொன்னாள். ரத்தம் படுகிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று சொல். இதை எழுத எனக்கு வாய் கசக்கிறது. நல்ல சேதியை வைத்து இப்படிச் சொல்லச் சொல்கிறவன் தம்பியா என்று என்னைத் திட்டு, ஆனால் சொல்லிவிடு. சனிக்கிழமைப் பேருந்தில் அவருக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அங்கே வந்து சேர்ந்ததும் உண்மையைச் சொல்லிவிடு. ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டார். பேசாமலே நூறு வயது இருக்கட்டும்.

உன் தம்பி,
நெடிம்