யானை விழிக்குமுன் தீரும் மணல்

நீர் நிறைக. நெல் விளைக. நீதி அவ்விரண்டுக்கும் முன்னே நடக்க.

அவிரொளி நாட்டு மணிமுடிப் பேரரசரின் வலக்கையாகவும், மாடமுனைத் தலைநகரின் மதியாகவும், அரண்கோள் ஆட்டத்தின் விதிகளை எழுதவும் திருத்தவும் எழுதியதை மறக்கவும் உரிமை பெற்ற ஆட்டப்பேரவையின் தலைவராகவும் விளங்கும் பேரமைச்சர் தாழைமேட்டுக் கிழார் அவர்களின் திருமுன்புக்கு, ஆற்றின் கடைமடையில் பிறர் குடித்து மிஞ்சிய நீரைக் குடித்து வாழும் இறங்குவயல் நாட்டின் அரசியும், யானைக்கொடி உடையவளும், திறை தவறாத முன்னோர் வழியில் வந்தவளுமாகிய தண்கோதை விடுக்கும் ஓலை.

தங்கள் நகரத்துக் குளங்கள் நிறைந்திருப்பதாகவும், அரண்மனைத் தோட்டத்து மயில்கள் நலமாக இருப்பதாகவும், தாங்களும் சற்றே பருத்திருப்பதாகவும் எம் தூதர் வெண்கொற்றர் வந்து சொன்னார். மகிழ்ந்தோம். எம் நலத்தைத் தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் ஓலை மரபு கருதி நாமே சொல்லிவிடுகிறோம். எம் நாட்டு நாற்றங்கால்கள் காய்ந்து கிடக்கின்றன. இரண்டு போகம் இப்படிப் போயிற்று. மூன்றாவதும் இப்படியே போனால் விதைநெல்லைச் சமைத்து உண்டுவிட்டு, எம் குடிகள் ஊரைக் காலி செய்து போவார்கள். குடிகள் இல்லாத நாட்டுக்கு அரசி எதற்கு என்று எம்மை எவரும் கேட்கும் முன்னர் நாமே கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறோம்.

எமக்கும் ஏறுவயல் நாட்டுக்கும் இடையே ஓடுவது ஒரே ஆறு. அதன் மேல்மதகு திறக்கும்போது முதல்நீர் யாருக்கு என்ற வழக்கை வாளால் தீர்த்து இருபுறமும் பிணம் எரித்த காலம் ஒன்று இருந்தது. அது வேண்டாம் என்றுதான் இரு நாட்டு முன்னோரும் தங்கள் பேரரசின் அரண்கோள் பலகைக்குக் கட்டுப்பட்டனர். வென்றவர் வயல் நிறைந்த பின்னரே தோற்றவர் வாய்க்காலுக்கு நீர் என்று உறுதியும் செய்தனர். அவரவர் ஊரில் இருந்தபடியே பலகை விரித்து, காய் நகர்த்தியதை முரசுக் கோபுரங்கள் வழியே கொட்டி அறிவித்து, மாடமுனைப் பலகையில் தங்கள் பேரவை அதைப் பதிந்து ஆடும் ஆட்டம் அது. நாடுதோறும் ஒரு குலக்காய். ஏறுவயலுக்குக் குதிரை, எமக்கு யானை. குதிரை முதல் நகர்விலேயே பாயும். யானையோ ஆட்டத் தொடக்கத்தில் உறங்கும். தன் பக்கத்துச் சிறுகாய்கள் சில முறை நகர்ந்த பின்னரே விழிக்கும். விழித்த யானையை எக்காயும் மறிக்கலாகாது. இது பேரவைக்குத் தெரிந்த விதிதானே என்று தாங்கள் புன்னகை செய்யலாம். தங்கள் பேரவைக்கு எது தெரியும், எது மறந்துபோயிற்று என்று அண்மைக் காலமாக எமக்கு விளங்கவில்லை. அதனால் எழுதி வைக்கிறோம்.

அந்நாளில் ஆட்டம் அரண் விழும்வரை நடந்தது. நீளாட்டம் என்று அதற்குப் பெயர். அதில் குதிரைக்கு முன்பாதி, யானைக்குப் பின்பாதி. யார் வெல்வார் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எம் பாட்டனார் தோற்ற ஆண்டுகளும் உண்டு. தோற்றவர் முகம் வாடினாரே தவிர, விதியைப் பழித்ததில்லை.

பின்னர் பேரரசருக்கு நீளாட்டம் அலுத்தது. அரியணையில் அமர்ந்து கொட்டாவி விட்டார் என்பதற்காக அவையில் இருந்த தாங்கள் அனைவரும் விரைவாட்டம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். மணற்குடுவை ஒன்றைக் கவிழ்த்து வைப்பது, மணல் தீரும்போது எவர் காய் எதிரி நிலத்தில் அதிகம் நிற்கிறதோ அவருக்கு வெற்றி என்பது. கூட்டம் கூடியது, ஆரவாரம் பெருகியது, பேரரசர் கைகொட்டினார். அதுவரை எமக்கு வழக்கில்லை, அரசர்கள் விளையாடட்டும். ஆனால் நீர் வழக்குகளும் இனி விரைவாட்டத்திலேயே தீர்க்கப்படும் என்று ஆணை வந்தது. ஆட்டத்தின் நேரத்தைச் சுருக்கிய தங்களுக்கு, யானையின் உறக்கத்தையும் சுருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நீளாட்டத்துக்கு எழுதிய அதே விதியோலையை அப்படியே எடுத்து விரைவாட்டத்தின் தலையில் கட்டிவிட்டீர்கள். விளைவை ஓலை படிக்கத் தெரியாதவரும் சொல்லிவிடுவார். யானை விழிக்குமுன் மணல் தீர்ந்துவிடுகிறது.

முதல் தோல்விக்குப் பின் வெண்கொற்றரைத் தங்களிடம் அனுப்பினோம். யானையின் உறக்கத்தைக் குறைக்கவோ, மணலைக் கூட்டவோ வேண்டும் என்று மட்டுமே பணிவாகக் கேட்டோம். தங்கள் வாயிற்புறத்தில் நெடுநாள் காத்திருந்து அவர் கொண்டுவந்த மறுமொழி எம் நினைவில் இன்றும் எரிகிறது. யானை ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் பேரவை கூட்டிப் பார்த்தது என்றும், பாதியில் வென்றும் பாதியில் தோற்றும் இருப்பதால் காய்கள் சமனாகவே உள்ளன என்றும், ஆகவே குறை காயில் இல்லை, ஆடுபவர் கையில் உள்ளது என்றும் தாங்கள் மொழிந்தருளினீர்கள். நீளாட்டத்தில் யானை வென்றவற்றையும் விரைவாட்டத்தில் யானை தோற்றவற்றையும் ஒரே கூடையில் கொட்டிக் கலக்கி எடுத்த சமன் அது. பேரமைச்சரே, ஏறுவயலில் வெள்ளம், எம் வயலில் வறட்சி, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நாட்டில் நல்ல மழை என்று சொல்லும் கணக்கு இது. இந்தக் கணக்கைத் தங்களுக்குக் கற்பித்தவரை எமக்கும் காட்டுங்கள். எம் குடிகளின் பசிக்கும் அவரையே ஒரு வழி சொல்லச் சொல்வோம்.

அத்தோடு நின்றிருந்தால் அறியாமை என்று எண்ணி ஆறியிருப்போம். அடுத்த திருத்தம் வந்தது. யானை இனி இன்னும் கூடுதலாக உறங்க வேண்டும் என்று! எமக்கு முதலில் புரியவில்லை. எழுத்தர் ஓலையைத் தலைகீழாகப் படித்துவிட்டாரோ என்று வாங்கி நாமே படித்தோம். பின்னர் வெண்கொற்றர் விசாரித்து வந்து காரணம் சொன்னார். முழுநிலா விருந்துகளில் பேரவைப் பெரியோர் தமக்குள் ஆடும் நீளாட்டத்தில், குதிரை வைத்து ஆடும் பெருமக்கள் யானையிடம் தொடர்ந்து தோற்று மனம் நொந்தனராம். அவர்கள் விருந்து கசக்கலாகாது என்று யானையை அடக்கினீர்கள். அந்த அடி விரைவாட்டத்தில் எங்கே விழும் என்று அந்த விருந்தில் ஒருவராவது கேட்டாரா? விருந்தில் பரிமாறிய சோறு எந்த நாட்டுச் செந்நெல் என்றாவது கேட்டாரா?

யானை பிடிக்கவில்லையென்றால் தாங்களும் குதிரையை எடுத்து ஆடலாமே என்றும் பேரவையில் ஒருவர் சிரித்துக்கொண்டே அறிவுரை கூறினாராம். அவர் எம் நாட்டுக்கு வந்ததில்லை என்று தெரிகிறது. எம் சேற்றில் குதிரை இறங்கினால் கால் முறியும். அழகு பார்த்தா யானையைக் குலக்காயாகக் கொண்டோம்? எம் மண்ணில் நடக்கக்கூடியது அது ஒன்றுதான். வேறு காயைத் தொட்டு ஆடினால் மதகின்மீது எமக்குள்ள உரிமையே அற்றுப்போகும் என்று உடன்படிக்கையில் எழுதி இருப்பதையும் அவர் படித்ததில்லை போலும்.

சென்ற ஆட்டத்தைச் சொல்கிறோம். எம் நாட்டுக் காய்நகர்த்தி சாத்தி என்னும் பெண்மணி. பேரவையின் பெருமக்கள் பலரை நீளாட்டத்தில் வென்றவர் என்பதால் தங்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். மறக்க விரும்பியும் இருப்பீர்கள். அன்று முரசுக்கூடத்தில் நாம் அவர் எதிரே அமர்ந்திருந்தோம். தங்கள் முரசு ஒலித்தது, குதிரை பாய்ந்தது. மீண்டும் ஒலித்தது, மீண்டும் பாய்ந்தது. சாத்தி தம் சிறுகாய்களை ஒவ்வொன்றாகப் பலியிட்டு யானையின் உறக்கத்தைக் கடத்திக்கொண்டு வந்தார். எவராலும் இயலாது என்று நாம் எண்ணியதை அவர் செய்தார். யானை விழித்தது. அதைக் கையில் எடுத்தார். எடுத்த அதே நொடியில் மணல் தீர்ந்தது என்று மாடமுனை முரசு முழங்கிவிட்டது.

எடுத்த யானையைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நாமும் வைக்கச் சொல்லவில்லை. கூடத்துக்கு வெளியே நாற்றங்கால் காய்ந்த உழவர்கள் நின்றிருந்தனர். முரசின் மொழி அவர்களுக்கும் தெரியும். முதியவர் ஒருவர் மட்டும், இன்று யானை நடந்ததா அம்மா என்று சாத்தியிடம் கேட்டார். எழுந்தது ஐயா, நடக்க விடவில்லை என்று சாத்தி விடை கூறினார். மறுநாள் காலையில் அம்முதியவர் தம் நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார் என்று அறிந்தோம். எமக்கு அழுகை வந்தது. அரசி என்பதால் அடக்கினோம் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஏறுவயல் மன்னர் பரியேறனார்மீது எமக்குப் பகை இல்லை. கையில் கொடுத்த குதிரையை அவர் ஏறினார், யாராயினும் ஏறியிருப்பர். ஆனால் அவர் வயல் நிறைந்து, வரப்பு மூழ்கி, மிஞ்சிய நீர் தரிசில் பாய்ந்து வீணாவதை எம் எல்லைக் காவலர் பார்த்து வந்தனர். அதன் பின்னரும் மதகு எமக்குத் திறக்கவில்லை. வயல் நிறைந்தது என்று பேரவை முத்திரை இட வேண்டுமாம்; பேரவையோ விருந்தில் இருந்ததாம்.

வரும் அமாவாசையில் அடுத்த விரைவாட்டம் என்று தங்கள் ஓலை வந்திருக்கிறது. அதில் மேலும் ஒரு திருத்தமும் கண்டோம். ஆட்டம் இன்னும் சுவையாகும் பொருட்டு மணல் குறைக்கப்படுகிறது என்று. படித்து முடித்ததும் நாம் சினம் கொள்ளவில்லை. சிரித்துவிட்டோம். இனி தங்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற தெளிவு வந்தவர் சிரிக்கும் சிரிப்பு அது.

ஆகையால் பேரமைச்சர் அறியவும், பேரரசருக்கு அறிவிக்கவும் எழுதுகிறோம். மாடமுனை முரசுக்கு மறுமொழி கொட்டிவந்த எம் கோபுரத்து முரசின் தோல் இன்று காலை அவிழ்க்கப்பட்டது. வரும் அமாவாசையில் தாங்கள் குடுவையைக் கவிழ்த்துக் காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்கலாம்.

எம் பட்டத்து யானையும் அதன் பின்னே நாட்டின் யானைகள் அனைத்தும் ஆற்றங்கரை வழியே மேல்மதகு நோக்கிப் புறப்படுக என்று ஆணையிட்டோம், புறப்பட்டுவிட்டன. வாளும் வேலும் உடன் செல்லலாகாது என்பதும் எம் ஆணையே. முன்னே செல்பவர் சாத்தி. அன்று கேட்ட முதியவரும், வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், உடன் நடக்கிறார். மதகை அடைந்ததும் அதன் அடைப்புப் பலகையைப் பாதி தூக்க வேண்டும், பாதிக்குமேல் ஒரு விரற்கடையும் தூக்கலாகாது என்று சொல்லி அனுப்பினோம். பாதி நீர் ஏறுவயலுக்கு, பாதி நீர் எமக்கு. அறுவடை வரை யானைகள் அங்கேயே நிற்கும். சமன் என்ற சொல்லுக்குப் பொருள் தேடிப் பேரவை இனி ஓலைக்கட்டுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மதகுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

எம் யானைகள் மெதுவாகவே நடக்கும். அவற்றுக்கு முன் தங்கள் குதிரைப்படை மதகை அடைந்துவிடும் என்பதும் எமக்குத் தெரியும். அடையட்டும். கரையெங்கும் சேறு என்பதை மட்டும் குதிரைவீரர்களுக்கு முன்னரே சொல்லி அனுப்புங்கள். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. எம் குடிகள் தோற்றாலும் இம்முறை நடந்து தோற்பார்கள்.

இஃது எம் சொற்படி இறங்குவயல் அரண்மனையில் எழுதப்பட்டு, எம் கண்முன் படித்துக் காட்டப்பட்டு, யானை முத்திரை பொறிக்கப்பட்டது. முத்திரைக்குப் பயன்பட்டது பொன்மோதிரம் அன்று. சாத்தி அன்று கீழே வைக்காத அந்தக் காயின் அடிப்பாகம். ஓலை கொணரும் வெண்கொற்றருக்கு உணவளித்து, தீங்கின்றித் திருப்பி அனுப்புக.

நீளாட்டம் தொடங்கிற்று, பேரமைச்சரே. தாங்கள் திருத்த மறந்த விதி ஒன்று இன்னும் ஏட்டில் இருக்கிறது. விழித்த யானையை எக்காயும் மறிக்கலாகாது.