காய்க்கு நல்ல வீடு

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மலை முழுக்க மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை. மாடியில் காயப்போட்ட மனைவி பாக்கியத்தின் சேலை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. போய் எடுத்து வந்தேன்.

வீட்டுக்காரர் வந்தார். மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறானாம், ஆவணியில் காலி செய்து தர வேண்டும். இருபத்தாறு வருட வாடகை வீடு, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்தது. மரியாதையாகத்தான் சொன்னார். குறை சொல்ல முடியாது.

இனி வாடகை வேண்டாம். அப்பா நிலத்தில் வந்த பங்கு பேங்கில் கிடக்கிறது, அதற்கு ஒரு வீடு வரும். ஒன்றே ஒன்று. தப்பினால் தப்பினதுதான், இந்த வயதில் இன்னொன்று கிடையாது.

புரோக்கர் தங்கவேலுவுக்கு போன். "ஆடி பொறந்துட்டா யாரும் அட்வான்ஸு கைநீட்டி வாங்க மாட்டாகண்ணே, வெரசா பாத்துருவோம்" என்றான். இருப்பது மூன்று வாரம்.

பார்க்க வேண்டியவை: தண்ணீர். மூலப்பத்திரம். வில்லங்கம். தெருக்குத்து இருக்கக் கூடாது. ஈரம் கூடாது. வெயில் உள்ளே வரக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

தூக்கம் ஐந்து மணியோடு சரி. மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் ஹார்ன். அது அடங்கினால் பாக்கியம் தையல் மிஷினை வாசலுக்கு இழுக்கும் சத்தம். எட்டு மணிவரை அங்கே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பாள், தெருவில் வண்டி கூடியதும் திரும்ப உள்ளே இழுப்பாள். சிமெண்டுத் தரையில் கிரீச்சென்று. ஒரே இடத்தில் வைத்துத் தைத்தால் என்ன என்று பல தடவை சொல்லியாகிவிட்டது.

முதல் வீடு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம். புது சுண்ணாம்பு வாசனை. புது சுண்ணாம்பு என்றாலே எனக்குச் சந்தேகம். காய் வைக்க இடம் பார்க்கும்போது செய்யும் அதே சோதனை. நல்ல பச்சை ஏலக்காய் இருபது, ஒரு தட்டில் பரப்பி மூன்று நாள் வீட்டுக்குள் வைக்க வேண்டும். ஈரமான வீடென்றால் காய் நமுத்துவிடும், குலுக்கினால் விதை பேசாது. வெயில் பட்டால் பச்சை வெளுக்கும். முப்பத்தோரு வருடம் ஏலக்காய்க் கடையில் தரம் பார்த்தவன் நான். மனிதனை ஏமாற்றலாம், காயை ஏமாற்ற முடியாது.

தங்கவேலு சிரித்தான். பெண் பார்க்க வந்தவன் பூவும் பழமும் கொண்டுவந்த மாதிரி பொட்டலத்தோடு வருகிறேனாம். சிரிக்கட்டும். அவனுக்குக் கமிஷன், எனக்கு வீடு.

ஜூன் 30, திங்கள்

ஸ்டேஷன் வீட்டுக் காய் நமுத்துப் போயிருந்தது. காதருகே குலுக்கினேன், ஊமை. வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டாவது வீடு, சிலமலை ரோட்டில். ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தருடையது. மதுரைக்கு மகள் வீட்டோடு போகிறார். கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி. பத்திரம் சுத்தம். ஹாலில் மேற்குப் பார்த்து இரட்டைக் கதவு ஜன்னல், ஏறக்குறைய சுவர் பாதி. மேகம் விலகினால் மலையேறும் மெட்டு ரோட்டு வளைவுகள் வரை தெரியும் என்றார் டீச்சர்.

பா. அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. கதவைத் திறந்தாள், சாத்தினாள், திறந்தாள். எத்தனை மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று டீச்சரிடம் கேட்டாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே தரையோரம் சாண் போட்டு அளந்தாள், நான்கு சாணும் கொஞ்சமும். திரைச்சீலைக்கு அளக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரைச்சீலைக்கு யாராவது கீழே அளப்பார்களா என்று அப்போது தோன்றவில்லை.

ஜன்னல் திட்டில் தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் எங்கள் ஹால் கூடுதல் இருட்டாகத் தெரிந்தது. ஏலக்காய் மூடை வாங்கி வைத்து விற்ற காலத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய் அடித்தேன், நிறம் போகக் கூடாதென்று. கடைசி மூடை போய் இரண்டு வருடம். தார்ப்பாய் அப்படியே. பகலிலும் டியூப்லைட்.

ஜூலை 3, வியாழன்

சிலமலை ரோட்டுக்கு நான் மட்டும் போனேன். பா.வுக்கு அவசரத் தையல், கல்யாண ஜாக்கெட்.

தட்டை வெளியே கொண்டுவந்து பார்த்தேன். வெளுத்திருந்தது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, என் கண்ணுக்குத் தெரியும், அரைச் சாயல். வெயில் காட்டும் வீடு. அங்கேயே நின்று தங்கவேலுவுக்கு போன் போட்டு வேண்டாம் என்றேன்.

டீச்சருக்கு ஆச்சரியம். "எல்லாரும் இந்த வெயிலுக்குத்தான் வீடு கேட்டு வர்றாக" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. எல்லாரும் முப்பத்தோரு வருடம் காய் பார்த்தவர்களா?

பா.விடம் சொன்னேன். "ம்" என்றாள். அந்தக் காயைக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டாள். ரசத்தில் இன்று உப்பு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாவது வீடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்துக்குள். மூன்று பக்கமும் பொதுச்சுவர், மாடியில் வீட்டுக்காரரின் தம்பி குடும்பம். உள்ளே நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. ஆனால் காய்ந்த வீடு. சுவரில் கை வைத்தால் மாவு மாதிரி உலர்ந்த சூடு.

மழைக்காலத்தில் நனைந்த துணியை எங்கே போடுவது என்று பா. கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தட்டு வைத்தாயிற்று.

ஜூலை 9, புதன்

காய் பச்சைப்பசேல். குலுக்கினால் கலகல. வைத்த நாளில் இருந்த அதே நிறம். சந்துக்குள் நின்று தங்கவேலுவிடம் தட்டைக் காட்டிச் சிரித்தேன்.

வில்லங்கம் பார்த்தாயிற்று, சுத்தம். வெள்ளிக்கிழமை நல்ல நாள். பா.விடம் கேட்டேன், என்ன சொல்கிறாய் என்று. "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கேட்டாயிற்று என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய். சந்து வீட்டிலேயே தட்டு மாற்றி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம், கண் கலங்கி வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் கேசரி.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பா. உள்ளே தனியாகப் போனாள். எட்டிப் பார்த்தேன். ஹாலில் நடுவே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை சாண் போட்ட மாதிரி விரிந்தபடி. அளக்க ஓர் இடமும் அமையவில்லை போல. பிறகு ஸ்விட்சைத் தேடி லைட்டைப் போட்டாள். மணி காலை பத்தரை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"காய்க்கு நல்ல வீடுங்க."

பாராட்டு என்றே நினைத்தேன். ஆமாம், நிறம் கொஞ்சம்கூடப் போகவில்லை என்று ஆரம்பித்தேன்.

"மூடை போயி ரெண்டு வருசமாச்சு. இனி அந்த வீட்டுல கெடக்கப் போறது நம்ம ரெண்டு பேருதான?"

கோபம் இல்லை. சத்தம் இல்லை. சேலையை மாற்றப் போய்விட்டாள்.

சிலமலை ரோட்டு வீட்டில் எதற்கு அளந்தாய் என்று பிறகு கேட்டேன். மிஷினுக்கு என்றாள். ஜன்னலடியில் நான்கு சாண் இருந்தால் போதும், இடத்தை விட்டு இழுக்க வேண்டாம், சாயங்காலம் வரை தைக்கலாம். டியூப்லைட்டில் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் தெரிவதில்லையாம். எத்தனை வருடமாக என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றாள்.

எட்டு மணிவரை ஏன் வாசலில் தைத்தாள் என்று இன்றுதான் எனக்குப் புரிகிறது. அரைச் சாயல் வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண் இது. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

விடிந்ததும் சிலமலை ரோடு. வண்டியை நிறுத்தும்போதே தெரிந்தது. ஜன்னலில் புதுக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமையே வேறு ஆளோடு தட்டு மாற்றியாயிற்றாம். நான் சந்துக்குள் நின்று சிரித்த அதே புதன்.

டீச்சர் உள்ளே கூப்பிட்டார், போகவில்லை. "ஒங்க வீட்டம்மா வருவாகன்னு ரெண்டு நாளு பாத்தேன்" என்றார். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அங்கிருந்து கொத்தனாரை அழைத்துக்கொண்டு சந்து வீடு. பொதுச்சுவரில் கை வைக்க முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மேலே உடைக்கலாமென்றால் தம்பி குடும்பம். முன்கதவுக்கு மேல் ஓர் அடி திறந்து கம்பி போடலாம். வெளிச்சம் வராது, பூனை வரும்.

தங்கவேலுவிடம் பின்வாங்கலாமா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். "தட்டு மாத்தியாச்சுண்ணே. அந்தப் புள்ள கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லிட்டாக." எனக்கும் தெரியும். கேட்டிருக்கவே கூடாது.

பா. டீ கொடுத்தாள். ஏலக்காய் மணம். எந்தக் காய் என்று கேட்டேன். சிலமலை ரோட்டுக் காய்தான். மணத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று. மலை தெளிவு, வெகு நாளுக்குப் பிறகு.

பா. கோயிலுக்குப் போயிருந்தாள். ஸ்டூல், சுத்தியல், குறடு. தார்ப்பாய் ஆணி பதினெட்டு, எல்லாம் துருப்பிடித்து. கடைசியில் கிழித்தே எடுத்தேன். தூசி மூக்கெல்லாம். ஒரு பல்லி, இரண்டு முட்டை. ஜன்னல் கதவு அசையவில்லை, கீலுக்கு எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தேன்.

வெளியே பக்கத்து வீட்டு முருங்கை. அதற்கு அப்பால் வானம், நிறைய. தரையில் கட்டம் கட்டமாக வெயில் விழுந்தது. அந்த இடத்து சிமெண்டு வேறு நிறம் என்று இன்றுதான் தெரியும்.

பா. வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டால் நல்லது என்றும் இருந்தது. கோயில் கூடையை வைத்துவிட்டு மிஷினை ஜன்னலடிக்கு இழுத்தாள். ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.

கறுப்பு நூலை எடுத்தாள். கண்ணாடி போடவில்லை. முதல் தடவையிலேயே ஊசியில் கோத்தாள்.

ஆவணியில் காலி செய்ய வேண்டும்.