சுதர்ஷினி பறக்கவிட்ட பேய்

யட்டியாந்தோட்டை
03.11.2025

அன்பு மகன் இந்திரகுமாருக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் மனைவியும் சுகம். கட்டாரில் வெயில் தணிந்துவிட்டதாக நேற்று நீ சொன்னது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. என் முழங்கால் பரவாயில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தவறாமல் பூசுகிறேன்.

வாரந்தோறும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிறாய், நாங்கள் கேட்கிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கபூர் முதலாளியின் மருமகன் பஸ்லான் வியாழக்கிழமை டோஹா வருகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுப்பதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்து முழுவதும் படி.

விஷயம் அந்தப் பேய்தான். கித்துல்கல ஆற்றங்கரை ஹோட்டலில் ஒக்டோபர் கடைசி நாள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக ஹலோவீன் என்ற பேய் விழா வைத்தார்கள். அங்கே துணி அறையில் தையல் வேலை செய்யும் நம் சுதர்ஷினி, அதற்கு ஒரு பறக்கும் பேய் செய்து தருகிறேன் என்று தானாகவே போய்க் கேட்டிருக்கிறாள். யாரோ அதன் வீடியோவை உனக்கு அனுப்ப, "எம் பொண்டாட்டி பேய் கட்டித் தொங்கவிடுறானு தோட்டமே சிரிக்குதும்மா, இந்த மாசத்தோட வேலைய விடச் சொல்லுங்க" என்றாய். நீ பார்த்தது ஆரம்பத்தில் எடுத்த வீடியோ. அப்போது அந்தப் பேய்க்குப் பறக்கவே தெரியாது. பாதி வெந்த சோற்றை ருசி பார்த்துவிட்டுச் சமையலைக் குறை சொல்வது நம் வீட்டுப் பழக்கமில்லை.

அவள் அதை எப்படிச் செய்தாள் என்று கேள். பழைய லொறி ஒன்றின் வைப்பர் மோட்டரை கராஜிலிருந்து வாங்கி வந்தாள். மோட்டர் ஒரு கம்பியைச் சுற்றும். கம்பியின் நுனியில், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல் மூன்று. அவை மேலே மூன்று கொக்கிகள் வழியாகப் போய், ஒன்று பேயின் தலைக்கும் மற்ற இரண்டும் இரண்டு கைகளுக்கும் இறங்கும். சொல்லும்போது சுலபம். முதலில் கொக்கிகளை ஒரே வரிசையில் அடித்தாள். தலையும் கைகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கின. "கிணத்துல வாளி விடுற மாதிரி இருக்கே பிள்ளை" என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என் சமையல் மேசையில் மூன்று கரண்டிகளை முக்கோணமாக வைத்து, நூல் கட்டி இழுத்துப் பார்த்தாள். ஒரு கை ஏறும்போது தலை பின்னால் வந்தது, தலை இறங்கும்போது மற்றக் கை எழுந்தது. "அத்தை, பாருங்க, பாருங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரசம் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

பிறகு வேகம். மோட்டர் அடைமழையில் வைப்பர் ஓடுகிற வேகத்தில் சுற்றியது. பேய், அடையிலிருந்து விரட்டிய கோழி மாதிரிச் சிறகடித்தது. நீ பார்த்துக் கோபப்பட்ட வீடியோ அதுதான். பழுதான கொம்பியூட்டர் ஒன்றின் மின்சாரப் பெட்டியைக் கழற்றி மாட்டினாள். அதில் மின்சாரம் குறைவாக வருமாம். மோட்டர் நிதானத்துக்கு வந்தது.

முகமும் கைகளும் ரப்பர் பாலில் செய்தவை. தோட்டத்துத் துரையிடம் கேட்டுத்தான் சம்பந்தி பழனியாண்டி ஒரு போத்தல் பால் கொண்டுவந்தார். களிமண்ணில் முகம் பிடித்து, பாலைப் பூசிப் பூசிக் காயவைத்து உரித்தெடுத்தாள். மூக்குக்கு என்னை எதிரே உட்கார வைத்தாள். "ஒங்க மூக்கு எடுப்பா இருக்கு அத்தை" என்றாள். அதை ஹோட்டலில் பார்த்த எலக்ட்ரீசியன் இருளப்பன், "யக்கா, இது ஒங்க மாமியார் பேயா?" என்று கேட்டானாம். "இல்ல, அவங்க உசிரோட இருக்கயிலயே இதவிடப் பயமா இருக்கும்" என்றாளாம் உன் மனைவி. வீட்டுக்கு வந்து என்னிடமே சொல்லிச் சிரிக்கிறாள். அந்தத் தைரியத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

உடுப்புக்கு என் வெள்ளை நைலோன் சேலையைக் கொடுத்தது நான்தான். பருத்தி நனைந்தால் கனக்கும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தை மடித்துத் தைக்கச் சொன்னேன். கொன்வென்டில் சிஸ்டர்மார் அப்படித்தான் பழக்கினார்கள். "மடிச்சுத் தைச்சா பறக்காது அத்தை. பேயி கிழிஞ்சுதான் இருக்கணும்" என்றாள். கிழிந்த ஓரத்தை ஊதுபத்தியால் சுட்டுச் சுட்டு நூல் பிரியாமல் செய்தாள். தையல் பிசகினால் எனக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியும். அந்த ஓரத்தில் நான் குறை சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு இலட்சுமி வந்து, "புருசன் வெளிநாட்டுல இருக்கயில சுமங்கலிப் பொண்ணு வெள்ளச் சேலையப் பேய்க்கு உடுத்தலாமா?" என்று கேட்டாள். "சேலை என்னுது, உடுத்தப் போறது பேய். உனக்கு எங்க வலிக்குது?" என்றேன். உன் அப்பா போனதிலிருந்து நான் வெள்ளைதான் உடுத்துகிறேன். அதனால் உனக்கு ஒரு குறையும் வரவில்லை. உனக்கு அந்த வீடியோவை அனுப்பியது அவளாக இருந்தால், இதையும் அவளிடம் சொல்.

வெள்ளிக்கிழமை ஹோட்டல் வேனில் என்னையும் அழைத்துப் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மோட்டர் நனையவில்லை. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் கட்டும் பொலித்தீன் பாவாடையை அதற்கும் கட்டியிருந்தாள். ஆனால், எல்லோரும் கூடி நின்ற நேரத்தில் ஒரு கையின் நூல் அறுந்துவிட்டது. பேய் ஒரு பக்கம் சரிந்து, கை செத்துத் தொங்கியது. மெனேஜர் மாத்தயா நல்ல மனிதர். "கமக் நெஹ நங்கி, பரவாயில்ல தங்கச்சி, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். இவள் கேட்கவில்லை. "இருளப்பா, கரண்ட நிப்பாட்டு" என்று கத்திவிட்டு, ஏணியைத் தூக்கி வைத்து மழையிலேயே ஏறினாள். காற்சட்டை போட்டிருந்தாள். வேறு யாரும் உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சேலையோடு ஏணியில் ஏறியிருந்தால்தான் நான் திட்டியிருப்பேன்.

நான் கீழே நின்று கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். இறங்கி வந்து, "இப்பப் போடு" என்றாள்.

அது பறந்தது, மகனே. தொங்கியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆற்றங்கரை இருட்டில், ஒரு கையை நீட்டி, தலையை மெல்லத் தாழ்த்தி, மறு கையை எடுத்து, எதையோ தேடிக்கொண்டு வருவதுபோல் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று அலறிக்கொண்டு தாயின் பின்னால் ஒளிந்தது. பிறகு தாயின் கையைப் பிடித்து இழுத்து, மறுபடி காட்டச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். சுதர்ஷினி பேயைப் பார்க்கவில்லை. மேலே கொக்கிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், மூன்று நூலும் சரியாக ஓடுகின்றனவா என்று. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மெனேஜர் என் முன்னால்தான் கேட்டார். பராமரிப்புப் பிரிவில் நிரந்தர வேலை. நத்தார், புது வருஷம், வெசாக் எல்லா அலங்காரமும் அவள் பொறுப்பு. அதற்கு அவள் சொன்ன பதில், "வீட்டுல அவருகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன் சேர்." அடுத்த திங்கட்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்.

நேற்று நீ, "வேலைய விடுறேன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டாய். அவள் "ம்" என்றாள். ஹோட்டலில் அவள் அப்படிச் சொல்லவே இல்லை. புது வேலையைப் பற்றி உன்னிடம் வாயும் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு, விரல் நகங்களில் ஒட்டியிருந்த ரப்பர் பாலைப் பிய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நீ மறுத்துவிட்டால் இந்தப் பெண் அழமாட்டாள், சண்டை பிடிக்கவும் மாட்டாள். வேலையை விட்டுவிட்டு வந்து எனக்குச் சமைத்துப் போடுவாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றி ஊர் பேசுமே என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அவள் தனியாக இல்லை. நான் இருக்கிறேன். ஊர் பேசினால் என் வாசலில் வந்து பேசட்டும்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தையாக அந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடு. யார் சொன்னது என்று கேட்டால் இருளப்பன் மேல் போடு. அவள் வாய் திறந்து உன்னிடம் கேட்கும்படி மட்டும் வைக்காதே. நான் ஒட்டுக் கேட்க மாட்டேன், சமையலறையில் இருப்பேன். அவள் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

உன்னை நல்லவனாக வளர்த்ததாக இன்றும் நம்பும்,
அம்மா