பதினாலு பாட்டு வரைக்கும்

பிப்ரவரி 16, திங்கள்

கல்கத்தாவில் பனி போய்விட்டது. ஃபேன் போடலாமா வேண்டாமா என்ற காலம். கொசுவுக்கு மட்டும் அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கீஸர்காரன் இன்றும் வரவில்லை.

ஆபீஸில் இருக்கும்போது காயத்ரி போன். ஜயா மாமியின் பெண், இரண்டு தெரு தள்ளி. ஞாயிறு அவளுக்குக் கல்யாணம், பையன் வங்காளி. காலையில் முகூர்த்தம், சாப்பாடு, மத்தியானம் நலங்கு. நலங்குக்குப் பாட்டு போட என் தம்பி முரளி ஆகஸ்டிலேயே ஒப்புக்கொண்டிருந்தானாம்.

"லலிதாக்கா, லிஸ்ட் ரெடின்னு முரளிண்ணா மெசேஜ் அனுப்பியிருந்தார். அது அவரோட லேப்டாப்ல இருக்குமில்லையா? அதையே போடணும். வேற டிஜே எனக்கு வேண்டாம்."

முரளி போய் நேற்றோடு மூன்று மாதம். டெங்கு. ஒன்பதே நாள். முப்பத்தெட்டு வயது.

நானே வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. லிஸ்ட் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, தட்ட வேண்டியதுதானே. இருபது வருஷமாக ஆபீஸில் தட்டாத பட்டனா?

சாயங்காலத்துக்குள் பப்பாதாவுக்கு, அதாவது பப்பா அண்ணனுக்கு, செய்தி போய்விட்டது. காளிகாட்டில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறார், தானும் டிஜே. பெரிய பிளேயர் இரண்டு, நடுவில் மிக்ஸர், அது இருந்தால்தான் அவருக்கு டிஜே. இரண்டு வருஷம் முன்னால் ஒரு பூஜைப் பந்தலில், நாலு பேர் பார்க்க, முரளியின் லேப்டாப்பைக் காட்டி, "இவன் டிஜே இல்லை, டைப்பிஸ்ட்" என்று சொன்ன மனிதர். முரளி வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

ஞாயிறு ஸ்பீக்கர் அவருடையதுதான். அவர் கண்முன்னால் முரளியின் லேப்டாப்பிலிருந்தே போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னும் வருஷம் திரும்பலைடி. சுபகாரியத்துக்குப் போறேங்கறியே, ஜயா என்ன நினைச்சுப்பா?"

"நான் கல்யாணத்துக்குப் போகலைம்மா. வேலைக்குப் போறேன். சமையல்காரர் ஆத்துல துக்கம்னா அவர் சமைக்க வரதில்லையா?"

அம்மா காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவன் செய்ததை வேலை என்று என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'தொழில்' என்று கேட்ட இடத்தில் 'தனியார்' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவும் பார்த்துவிட்டுச் சும்மாதான் இருந்தாள். சென்னை உறவுக்காரர்களிடம் அவள் சொல்வது, "கம்ப்யூட்டர்ல இருக்கான்."

பால். கொசுவத்தி. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. கீஸர்காரனுக்கு மறுபடி போன்.

பிப்ரவரி 18, புதன்

லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று மாதமாக அவன் அறை அலமாரியில், துண்டு போட்டு மூடி. சார்ஜ் ஏற அரை மணி.

'காயத்ரி நலங்கு' என்று லிஸ்ட். பதினாலு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு, அவனுடைய தப்பும் தவறுமான தமிழில். பள்ளிக்கூடத்தில் பெங்காலி படித்தவன். தமிழ் அவனுக்கு அம்மா திட்டிக் கற்றுக்கொண்டது. தட்டச்சில்கூட ர, ற குழப்பம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்குப் போய்.

சில குறிப்புகள், பிழை திருத்தி:

தேங்காய் உருட்டும்போது சத்தம் குறை. கத்தல் அவங்களோடதா இருக்கட்டும்.

அப்பளம் உடைச்சதும் ஒரு நொடி மவுனம், அப்புறம் பாட்டு.

பையன் வீட்டுக்குத் தமிழ் புரியாது. இங்க தாளம் போதும்.

ஜயா மாமி அழுவா. நீட்டாதே.

பதினாலாவதுக்குக் கீழே: மீதி அங்க போய், முகம் பாத்து.

சோம்பேறி, பாதியிலேயே விட்டுவிட்டான் என்று நினைத்தேன். பரவாயில்லை, உள்ளே ஆயிரக்கணக்கில் பாட்டு, எதையாவது எடுத்துக்கொண்டால் போயிற்று.

திரையில் இரண்டு பாட்டும் இரண்டு அலையாக ஓடுகின்றன, நீலம், சிவப்பு. ஒரு பட்டன் இருக்கிறது. தட்டினால் இரண்டின் தாளமும் தானே ஒன்றாகிவிடுகிறது. தட்டினேன். ஆகிவிட்டது. ஒரு பிசிறு இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன், அப்போதும் ஆகிவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா பதினைந்து வருஷம்? அந்தப் பப்பாதா சொன்னது சரிதானோ?

பிப்ரவரி 19, வியாழன்

ஆபீஸிலிருந்து நேரே காளிகாட். ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க. போனிலேயே கேட்டிருக்கலாம். சண்டை போடத்தான் போனேன் என்று இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

கடை என்றால் ஒரு அறை, தரையெல்லாம் வயர். அவர் பேசியது வங்காளத்தில், நான் தமிழில் எழுதுகிறேன், அக்கா என்று அவர் கூப்பிடும் 'தீதி'யைத் தவிர.

"தீதி, நான் போடறேன். முரளி லிஸ்டையே போடறேன். நீங்க பெண் பக்கத்துல உட்காருங்க."

"உங்க பிளேயர்லயா?"

"வேற எதுல?"

"அவன் லேப்டாப்ல என்ன குறைச்சல்?"

பெருமூச்சு விட்டார். ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார், உட்காரவில்லை நான். லேப்டாப்பில் தாளத்தைக் கண்ணால் பார்க்கிறோமாம். பிளேயரில் காதால் பிடிக்க வேண்டுமாம். தப்பினால் தப்பியதுதான், காப்பாற்ற பட்டன் கிடையாது. அந்தப் பயம் இருப்பவன்தான் தொழில்காரன். பிறகு சாந்த்ராகாச்சி கதை. அங்கே ரயில்வே காலனியில் ஒரு விழா, முரளியின் லேப்டாப் நடுப்பாட்டில் நின்றுவிட்டது. நாலு நிமிஷம்.

"என்ன பண்ணினான்?"

"மேடையிலேருந்து குதிச்சான். கூட்டத்துக்குள்ள போய்க் கை தட்டினான். எல்லாரையும் தட்ட வச்சான். அந்தத் தாளத்துலயே, மெஷின் வர்ற வரைக்கும். நான் அவன்கிட்ட அன்னிக்கே சொன்னேன், இது சர்க்கஸ், டிஜே இல்லைன்னு."

இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. இல்லை, பொய் எழுதக் கூடாது. லேப்டாப் நின்றுவிட்டது என்பது வரைக்கும் சொன்னான். "மெஷின் நின்னா நீயும் நிக்க வேண்டியதுதான், என்ன தொழிலோ!" என்று நான் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தேன். அவன் மீதியைச் சொல்லாமல் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, பப்பாதா. வெறும் லேப்டாப். வேற ஒண்ணும் கொண்டு வரமாட்டேன்." இப்படிச் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கீஸர் சரியாகிவிட்டது. வெந்நீர்.

பிப்ரவரி 21, சனி

நாலு தடவை பயிற்சி, பதினாலும் வரிசையாக. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில். நாலாவது தடவை அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"அவனும் இப்படித்தான் பண்ணுவானோ?"

"இப்படித்தாம்மா."

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவன் வேலை செய்வதை நான் போய்ப் பார்த்ததில்லை. கூப்பிட்டிருக்கிறான். தலைவலி, ஆடிட், அம்மாவைத் தனியாக விட முடியாது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அவனுடைய பையில் ஒரு கறுப்புப் பெட்டியும் இருக்கிறது. தட்டு மாதிரி, மேலே திருகுகள், இரண்டு வட்டத் தகடு, பின்னால் வயர் செருக ஏகப்பட்ட ஓட்டை. கனம். கொண்டு போனால், பார் லேப்டாப் மட்டும் போதவில்லையே என்று பப்பாதா சொல்வார். அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

நாளைக்கு: லேப்டாப், சார்ஜர், அவன் ஹெட்ஃபோன். புடவை எது? பட்டு வேண்டாம். வேலைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

பந்தலுக்கு இரண்டரைக்குப் போனேன். நல்ல வெயில். முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகவில்லை. மூலையில் மேஜை போட்டிருந்தார்கள். பப்பாதா ஸ்பீக்கர் வயரைக் கொண்டுவந்து, லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டிப்பா கோதாய்?" பெட்டி எங்கே என்று. வீட்டில், என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு ஹெட்ஃபோன் செருகும் ஓட்டையில் ஸ்பீக்கர் வயரைச் செருகிவிட்டுப் போய்விட்டார். ஹெட்ஃபோனை எதில் செருகுவது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டேன், அவன் போட்டோவில் இருப்பது மாதிரி.

பதினாலு பாட்டு வரைக்கும் என்ன சொல்ல! தேங்காய் உருட்டும்போது சத்தத்தைக் குறைத்தேன், பந்தலே கத்தியது. மாப்பிள்ளை ஷௌவிக் தலையில் காயத்ரி அப்பளத்தை உடைத்தாள், ஒரு நொடி மவுனம், பிறகு பாட்டு. பையன் வீட்டார் எழுந்து ஆடினார்கள். ஜயா மாமி அழுதாள், நான் நீட்டவில்லை. காயத்ரி அங்கிருந்தே என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். பப்பாதா பக்கம் திரும்பி நான் சிரிக்கவும் சிரித்தேன். எனக்கு அந்தத் திமிர் வேண்டியிருந்தது.

பதினாலு முடியப் போகிறது. யாரும் உட்காருவதாக இல்லை. இன்னும், இன்னும் என்கிறார்கள். எதையாவது எடுக்கலாம் என்று அவன் பாட்டுக் குவியலைத் திறந்தேன். எது எப்படி இருக்கும் என்று ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்ப்போம் என்று ஒன்றைத் தட்டினேன்.

பந்தல் முழுக்கக் கேட்டது.

ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேலேயே. பதறி இன்னொன்று. அதுவும். ஏதோ இந்திப் பாட்டின் பாதி வரி, ஒரு நாதஸ்வரம், யாரோ இருமுவது. நான் தேடுவதையெல்லாம் இருநூறு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெட்டி அதற்குத்தான். ஓடுகிற பாட்டு ஊருக்கு, வரப்போகிற பாட்டு அவன் காதுக்கு மட்டும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பது அது. நான் அலமாரியில் வைத்துவிட்டு வந்தது.

அப்போதுதான் 'டாக்' என்று தொடங்கும் ஒரு பேர் கண்ணில் பட்டது. பூஜை மேளம், வங்காளிகளுக்குப் பிடிக்கும், ஆடுவார்கள் என்று தட்டினேன்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பையனின் அத்தை கையை நெற்றியில் வைத்து, "துர்கா, துர்கா" என்றாள். அது விசர்ஜன மேளமாம். அம்மனை கங்கையில் கரைக்கக் கொண்டு போகும்போது அடிப்பது. கல்யாணத்தில், பெண் புக்ககம் போகிற நாளில். நாற்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் அந்த மேளத்தைக் கேட்கிறேன். வரவேற்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் மேளம்.

பப்பாதா ஓடி வந்து வயரைப் பிடுங்கினார்.

அந்த மவுனத்தில் ஒரு மாமி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "அதான், வருஷம் திரும்பாம வரப்படாதுங்கறது."

ஜயா மாமிதான் கையைத் தட்டி, சம்பந்தியைக் கேலி செய்யும் நலங்குப் பாட்டை வாயாலேயே எடுத்தாள். நாலு மாமிகள் சேர்ந்துகொண்டார்கள். பையனின் அத்தையையும் இழுத்து உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் நன்றாகவே நடந்தது. மெஷின் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. காயத்ரி கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள். "முரளிண்ணா லிஸ்ட் சூப்பர், அக்கா." லிஸ்ட் என்று சொன்னாள். அந்த மட்டும் போதும் எனக்கு.

ஐந்து மணிக்குப் பந்தல் காலி. பப்பாதா தரையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று போய் நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பதினாலு குறிப்பையும் கேட்டார். நான் படித்துப் படித்து வங்காளத்தில் சொன்னேன். கடைசி வரியை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். முகம் பார்த்து.

"லேப்டாப் தொழில் இல்லைன்னு இன்னிக்கும் சொல்வேன், தீதி. ஆனா முரளி தொழில்காரன். அவன் இருந்தப்போ ரெண்டாவதைச் சொல்லலை."

நானும்தான் அவனிடம் அதைச் சொன்னதில்லை.

அடுத்த வயரை எடுத்துக்கொண்டே கேட்டார். "பதினஞ்சாவதா என்ன போட்டிருப்பான்? அவனுக்குப் பிடிச்சது எது? நீங்க கூடப் பிறந்தவங்க."

யோசித்தேன். அடுத்த அறையில் முப்பத்தெட்டு வருஷம். எப்போதும் காதில் ஹெட்ஃபோன். என்ன கேட்கிறாய் என்று நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் ஓயாமல் போட்டு உயிரை எடுத்த ஒரு பாட்டு நினைவு வந்தது. அதைச் சொன்னேன்.

"அது உங்களுக்குப் பிடிக்கும்னு போட்டதாச்சே," என்றார் பப்பாதா. "அவனுக்கு அது ஆகாது. சொல்லிச் சிரிப்பான்."

அவனுக்கு என்னதான் பிடிக்கும் என்று அவரையே கேட்டேன். வயரைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஏழு வரைக்கும் எழுதினேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். ஏழில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை.